வீட்டுக் காப்பீட்டுக் கொட்டேஷன் நியாயமானதா என்று பார்ப்பது எப்படி?

போன மாதம் எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வந்த ஒரு இளம் தம்பதி இரண்டு தாள்களோடு என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். இரண்டும் வீட்டுக் காப்பீட்டுக்கான கொட்டேஷன். ஒன்றில் வருடத்துக்கு 2,100 ரூபாய், இன்னொன்றில் 6,800. "ரெண்டும் ஒரே வீட்டுக்குத்தான் அக்கா. ஒருத்தர் மூணு மடங்கு கேக்கறாரு. யாரு ஏமாத்தறாங்க?" என்று கேட்டார் அந்தத் தம்பி.

சங்கத்துச் செயலாளராக இருப்பதால் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். வருகிறவர்கள் எல்லோருமே தாளின் கடைசி வரியில் இருக்கும் பிரீமியத்தைத்தான் விரலால் காட்டுவார்கள். அந்த வரியைக் கையால் மறைத்துவிட்டு மேலே இருப்பதைப் படித்தால்தான் கொட்டேஷன் புரியும். அந்தத் தம்பதியோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்ததை முதல்முறை காப்பீடு எடுக்கிற எல்லோருக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன். நான் சொல்வது தமிழ்நாட்டில், நம் ஊர்ச் சட்டதிட்டப்படி எடுக்கிற வீட்டுக் காப்பீட்டைப் பற்றி.

முதலில், இது வீட்டுக்கான காப்பீடுதானா?

கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் "எங்க வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கே, பேங்க்லயே போட்டாங்க" என்று சொல்பவர்களின் தாளை வாங்கிப் பார்த்தால், பல நேரம் அது ஆயுள் காப்பீடாக இருக்கும். வீட்டுக் கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் மீதிக் கடனை அடைக்கும் பாலிசி அது. நல்ல பாலிசிதான், அதற்கு ஒரு தேவையும் இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தாலோ சமையலறையில் தீப்பிடித்தாலோ அதிலிருந்து ஒரு பைசா வராது.

கடன் கொடுக்கும் வங்கி வீட்டுக்குக் காப்பீடு வேண்டும் என்று கேட்கலாம், அது நியாயமான கோரிக்கை. இந்தக் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. கடன் கையெழுத்துக்கு நடுவே நீட்டப்படும் கொட்டேஷனை "வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில் இன்னொன்றும் நடக்கும். பத்து வருடப் பிரீமியத்தை மொத்தமாகக் கடனோடு சேர்த்துவிடுவார்கள். "கையிலிருந்து எதுவும் கட்ட வேண்டாம்" என்று கேட்க இதமாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30,000 ரூபாய் பிரீமியத்தை எட்டரை சதவீத வட்டியில் 20 வருடக் கடனோடு சேர்த்தால் மாதத் தவணை சுமார் 260 ரூபாய் கூடும். 240 மாதத்துக்கு அது ஏறத்தாழ 62,500. பாலிசி பத்தாவது வருடத்தில் முடிந்துவிடும், அதற்கான தவணையை நீங்கள் இருபதாவது வருடம் வரை கட்டிக்கொண்டிருப்பீர்கள். காப்பீட்டைத் தனியாக எடுத்துத் தனியாகக் கட்டுங்கள்.

பாலிசியின் பெயரைப் பாருங்கள்

2021 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் தீ விபத்துக் காப்பீடு விற்கும் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் எல்லாம் "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற ஒரே மாதிரிப் பாலிசியைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சொல்லிவிட்டது. வாசகங்களை ஆணையமே எழுதிக் கொடுத்திருக்கிறது. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் அடிப்படைக் காப்பு ஒன்றுதான். புதியவர்களுக்கு இது பெரிய வசதி. ஒரே எடை, ஒரே தரம் கொண்ட அரிசி மூட்டையை நான்கு கடையில் விலை கேட்பது மாதிரி ஒப்பிட முடியும்.

தீ, வெடிப்பு, இடி மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், சுனாமி, நிலச்சரிவு, கலவரம், பயங்கரவாதச் செயல், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வழிவது, வெளியிலிருந்து வண்டியோ மரமோ வந்து மோதுவது ஆகியவற்றால் வரும் சேதம் இதில் அடங்கும். வெள்ளத்தையும் புயலையும் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டியதில்லை. கம்பெனிகள் வேறு பெயரிலும் வீட்டுப் பாலிசிகள் விற்கின்றன. கொட்டேஷனில் அப்படி ஒரு பெயர் இருந்தால் வெள்ளம், புயல் என்ற இரண்டு சொற்கள் எங்கே இருக்கின்றன என்று முதலில் தேடுங்கள். கடலோர மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த இரண்டும் இல்லாத பாலிசி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்து, இந்தப் பாலிசியில் எது இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஏமாற்றம் வருவது பெரும்பாலும் இங்கேதான்.

திருட்டு தனியாக அடங்காது. தீயோ வெள்ளமோ வந்த ஏழு நாளுக்குள், அதன் காரணமாகத் திருட்டு நடந்தால் மட்டும் உண்டு. ஊருக்குப் போயிருந்தபோது பூட்டை உடைத்தார்கள் என்றால் அதற்குக் கொள்ளைக்கான கூடுதல் காப்பு வேண்டும். மின்கசிவில் டிவி மட்டும் கருகினால் அந்த டிவிக்குப் பணம் வராது. அதிலிருந்து தீ பரவி சோபாவும் திரைச்சீலையும் எரிந்தால் அவற்றுக்கு வரும். ரொக்கப் பணம் அடங்காது. காணாமல் போன பொருள், எப்போது எப்படிப் போனது என்று சொல்ல முடியாத பொருள் அடங்காது. மழைக்காலத்தில் சுவர் ஊறிப் பெயின்ட் உரிவது மாதிரி நாள்பட்ட தேய்மானமும் அடங்காது.

கட்டடத்துக்கு எழுதியிருக்கும் தொகை

இனிதான் முக்கியமான வேலை. கொட்டேஷனில் கட்டடத்துக்கு என்று ஒரு காப்பீட்டுத் தொகை இருக்கும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

சரியான எண் என்பது, வீடு முழுவதும் போய்விட்டால் அதே மாதிரி இன்று மறுபடி கட்ட ஆகும் செலவு. நீங்கள் வாங்கிய விலை வேறு, பத்திரத்தில் போட்ட வழிகாட்டி மதிப்பு வேறு, கடன் தொகை வேறு. சென்னையில் வீட்டு விலையில் பெரும் பங்கு மண்ணுக்குத்தான். வெள்ளமோ தீயோ வந்தாலும் மண் அங்கேயே இருக்கும், அதற்குப் பிரீமியம் கட்டிப் பயனில்லை. 72 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை 72 லட்சத்துக்கே காப்பீடு செய்தாலும், மறுபடி கட்ட 25 லட்சம்தான் ஆகும் என்றால் அந்த 25 லட்சத்துக்கு மேல் கிடைக்காது. மீதிக்குக் கட்டிய பிரீமியம் வீண்.

பாரத் கிருஹ ரக்ஷாவில் இதற்கு ஒரு சூத்திரம் உண்டு: கார்பெட் ஏரியாவை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும். இதில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. கட்டுநர் "சதுர அடிக்கு 2,400" என்று சொல்லும்போது சுவர்களையும் சேர்த்த பரப்பைத்தான் சொல்கிறார். கார்பெட் ஏரியாவில் வெளிச்சுவர்களுக்கு உட்பட்ட பரப்பு மட்டும்தான் கணக்கு. அந்தத் தம்பதியின் வீட்டை எடுத்துக்கொள்வோம். விளம்பரத்தில் போட்ட சூப்பர் பில்ட்-அப் பரப்பு 1,250 சதுர அடி. அதில் படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதைப் பங்கெல்லாம் அடக்கம். சுவரோடு சேர்த்து அவர்கள் வீடு மட்டும் 1,000. கார்பெட் ஏரியா 850. கட்டச் செலவு 1,000 சதுர அடிக்கு 2,400 வீதம் 24 லட்சம். அதையே கார்பெட் ஏரியாவுக்கு மாற்றினால் சதுர அடிக்கு 2,820 சொச்சம் வரும். 850-ஐ நேரடியாக 2,400-ஆல் பெருக்கியிருந்தால் 20.4 லட்சம் என்று குறைத்து எழுதியிருப்பார்கள். மூன்றரை லட்ச ரூபாய் வித்தியாசம்.

உங்கள் ஊரில் கட்டச் செலவு எவ்வளவு என்பதை ஏஜென்ட்டிடம் கேட்பதை விட, இப்போது பக்கத்துத் தெருவில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். இரண்டு பேரைக் கேட்டால் போதும். நடுத்தரமான எண்ணை எடுத்துக்கொண்டு மேல்நோக்கி முழுமைப்படுத்துங்கள். நாங்கள் 25 லட்சம் என்று வைத்தோம்.

தனி வீட்டுக்காரர்கள் சுற்றுச்சுவர், கேட், கார் ஷெட், செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, மாடியில் இருக்கும் சோலார் தகடு எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பாலிசியில் இவையும் கட்டடம்தான். தனி வீட்டுக் கொட்டேஷன்களில் நான் அதிகம் பார்க்கும் விடுபடல் சுற்றுச்சுவர். ஒவ்வொரு புயலிலும் முதலில் சாய்வதும் அதுதான். பாலிசி எடுத்த பிறகு மாடியில் ஓர் அறை எழுப்பி, பரப்பு பத்து சதவீதத்துக்கு மேல் கூடினால், கம்பெனிக்குச் சொல்லிச் சேர்க்க வேண்டும். சொல்லாமல் விட்டால் அந்தப் பகுதிக்குக் காப்பு இருக்காது.

தொகை கொஞ்சம் குறைந்துவிட்டால் என்ன ஆகும்? பழைய பாலிசிகளில் பாதித் தொகைக்குக் காப்பீடு செய்திருந்தால் சேதத்திலும் பாதிதான் தருவார்கள். இரண்டு லட்சத்துக்குச் சேதம் என்றால் ஒரு லட்சம்தான் கைக்கு வரும். பாரத் கிருஹ ரக்ஷாவில் அந்த வெட்டு கிடையாது. இருந்தாலும் எழுதிய தொகைதான் உச்சவரம்பு, அதற்கு மேல் வராது. பல வருடத்துக்குச் சேர்த்து எடுத்தால் வருடத்துக்குப் பத்து சதவீதம் கட்டடத் தொகை தானாகவே ஏறும், அதற்குக் கூடுதல் பிரீமியம் இல்லை. அதிகபட்சம் பத்து வருடம் வரை எடுக்கலாம். மொத்தமாகக் கட்டக் கையில் பணம் இருக்கிறவர்களுக்கு மூன்று அல்லது ஐந்து வருடப் பாலிசி நல்லது என்பது என் எண்ணம். வருடாவருடம் புதுப்பிக்க மறந்து, காப்பு இல்லாமல் ஐப்பசி கார்த்திகையைக் கடத்தும் குடும்பங்கள் நிறைய.

வீட்டுக்குள் இருக்கும் பொருள்கள்

2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு அடையாறு கரை தாண்டியபோது முடிச்சூர், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளில் தரைத்தளங்கள் மூழ்கின. தண்ணீர் வடிந்த பிறகு உறவினர் வீட்டைச் சுத்தம் செய்யப் போனேன். சுவர்கள் அப்படியே நின்றன. தரையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தால் போதும் என்ற நிலைதான். ஆனால் ஃபிரிட்ஜ் கவிழ்ந்து கிடந்தது, மர பீரோ உப்பிக் கதவு திறக்கவில்லை, மெத்தைகள் சேற்றை உறிஞ்சியிருந்தன. வாஷிங் மெஷின், கிரைண்டர், இன்வெர்ட்டர், அரிசி மூட்டை, கல்யாணப் பட்டுப்புடவைகள், பிள்ளைகளின் புத்தகங்கள் எதையும் காப்பாற்ற முடியவில்லை. காங்கிரீட் வீட்டில் இருப்பவர்களுக்கு வெள்ளம் தரும் நஷ்டத்தில் பெரும்பகுதி பொருள்கள்தான். ஆனால் கொட்டேஷனில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத வரியும் அதுதான்.

பாரத் கிருஹ ரக்ஷாவில் கட்டடத்தைக் காப்பீடு செய்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம், வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே சேர்ந்துவிடும். பட்டியல் கொடுக்க வேண்டியதில்லை. 25 லட்சக் கட்டடத்துக்கு 5 லட்சம். இந்த 5 லட்சம் போதுமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். பற்றாது என்றால் கூடுதல் தொகையை அறிவித்துச் சேர்க்கலாம்.

பார்ப்பது எளிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கைபேசியில் வீடியோவைப் போட்டுக்கொண்டு வாசலிலிருந்து ஒவ்வொரு அறையாக நடங்கள். பீரோவைத் திறந்து காட்டுங்கள், சமையலறை அலமாரிகளைத் திறந்து காட்டுங்கள், பரணில் ஏறிப் பாருங்கள். "இந்த வாஷிங் மெஷின், மூணு வருஷத்துக்கு முன்னாடி வாங்கினது" என்று பேசிக்கொண்டே போங்கள். பிறகு உட்கார்ந்து, இன்று புதிதாக வாங்க எவ்வளவு ஆகும் என்று பொருளுக்குப் பொருள் எழுதுங்கள். வாங்கிய காலத்து விலையை எழுதாதீர்கள். எல்லோரும் டிவியையும் ஃபிரிட்ஜையும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். துணிமணியும் பாத்திரங்களும் படுக்கைகளும் சேர்ந்தால் அவற்றை விடப் பெரிய தொகை வரும். அந்தத் தம்பதி "எங்ககிட்ட என்னக்கா இருக்கு, ரெண்டு மூணு லட்சம் வரும்" என்றார்கள். எழுதி முடித்தபோது எட்டு லட்சத்தை நெருங்கியிருந்தது. அந்தப் பெண் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வீடியோவை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். கைபேசியும் தண்ணீரில் போகலாம். பெரிய பொருள்களின் பில்லையும் படம் எடுத்து அதோடு அனுப்புங்கள். இழப்பீடு கேட்கும் நாளில், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயரிடம் காட்ட இதை விட நல்ல சான்று இல்லை.

நகைகள் வேறு கணக்கு. தானாகச் சேரும் தொகையில் அவை அடங்காது. விலையுயர்ந்த பொருள்களுக்கான விருப்பக் காப்பில் தனியாக அறிவிக்க வேண்டும். மொத்தம் 5 லட்சத்துக்குள், தனி நகை எதுவும் 1 லட்சத்தைத் தாண்டாமல் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். இன்றைய தங்க விலையில் ஓர் ஆரமே அதைத் தாண்டிவிடும் என்பதால் பெரும்பாலோருக்குச் சான்றிதழ் வேண்டியிருக்கும். பெரும்பகுதி நகை வங்கி லாக்கரில்தான் இருக்கிறது என்றால், வீட்டில் இருக்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதி மட்டும் போதும். கட்டடம் உரிமையாளரின் பொறுப்பு. உங்கள் பொருள்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம். அதற்கு மேலே சொன்ன பட்டியல் அவசியம், ஏனென்றால் தானாகச் சேர இங்கே கட்டடத் தொகை இல்லை.

இப்போது பிரீமியத்தைப் பாருங்கள்

மறைத்திருந்த கையை இனி எடுக்கலாம். இரண்டு கொட்டேஷனையும் ஒரே தராசில் வைக்க மூன்று வேலை செய்ய வேண்டும்: 18 சதவீத ஜிஎஸ்டியைக் கழிக்க வேண்டும், கூடுதல் காப்புகளின் விலையைத் தனியாக எடுக்க வேண்டும், மிஞ்சியதை மொத்தக் காப்பீட்டுத் தொகையால் வகுத்து ஆயிரம் ரூபாய்க்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பல வருடப் பாலிசி என்றால் வருடங்களாலும் வகுத்துக்கொள்ளுங்கள்.

2,100 ரூபாய்க் கொட்டேஷன்: 1.18-ஆல் வகுத்தால் 1,780. கூடுதல் காப்பு எதுவும் இல்லை. கட்டடம் 25 லட்சம், பொருள்கள் 5 லட்சம், மொத்தம் 30 லட்சம். ஆயிரத்துக்கு 59 பைசா.

6,800 ரூபாய்க் கொட்டேஷன்: ஜிஎஸ்டி போக 5,763. அதில் கொள்ளைக்கும் மின்சாதனப் பழுதுக்குமாகக் கூடுதல் காப்பு 900. மிச்சம் 4,863. கட்டடம் 72 லட்சம், பொருள்கள் உச்சவரம்பான 10 லட்சம், மொத்தம் 82 லட்சம். ஆயிரத்துக்கு அதே 59 பைசா.

"அப்ப ரெண்டு பேரும் ஒரே விலைதான் சொல்லியிருக்காங்களா?" என்று அந்தத் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆமாம். ஒருவர் கட்டச் செலவைக் கணக்கெடுத்திருக்கிறார், இன்னொருவர் பத்திர விலையை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். மூன்று மடங்கு வித்தியாசத்தின் பெரும்பகுதி மண்ணுக்குக் கட்டச் சொன்ன பிரீமியம். அதற்காக 2,100 ரூபாய்க் கொட்டேஷன் முழுக்கச் சரி என்றும் ஆகிவிடாது. அதில் பொருள்களின் தொகை பற்றாது, திருட்டுக்குக் காப்பும் இல்லை.

உங்கள் ஊரிலும் உங்கள் கட்டடத்துக்கும் இந்த விகிதம் வேறாக இருக்கும். 59 பைசாதான் சரியான விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குறைந்தது மூன்று கம்பெனிகளில், அதே தொகைகளைச் சொல்லிக் கொட்டேஷன் வாங்குங்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா, அதைப் போன்ற பொதுத்துறைக் கம்பெனியான நியூ இந்தியா, கூடவே ஒரு தனியார் கம்பெனி என்று கலந்து கேட்பது என் வழக்கம். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அதுதான் உங்கள் வீட்டுக்கான சந்தை விலை. ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்தால் சந்தோஷப்படும் முன், அதில் எந்தக் காப்பு விடுபட்டிருக்கிறது, கட்டடத்தின் வயதோ வகையோ தவறாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் வெகுவாகக் கூடினால் எந்தக் கூடுதல் காப்பு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

கூடுதல் காப்புகள்

கொள்ளைக்கான காப்பு பெரும்பாலோருக்குத் தேவை, முக்கியமாகப் பொங்கல், கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு. இதில் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, முழுத் தொகைக்கா, ஒரு பங்குக்கு மட்டுமா? எட்டு லட்சம் பொருளுக்குக் கால்பங்கு என்று எழுதியிருந்தால் திருட்டில் இரண்டு லட்சம்தான் உச்சவரம்பு. இரண்டு, பூட்டை உடைத்து நுழைந்தால் மட்டுமா, வீட்டுக்குள் வந்து போகிறவர் எடுத்தாலுமா?

மின்சாதனப் பழுதுக்கான காப்பை நான் பரிந்துரைப்பதில்லை. பழைய சாதனங்களைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை, புதியவற்றுக்கு வாரன்டி இருக்கிறது. வெளியே எடுத்துப் போகும் மடிக்கணினி, கேமராவுக்கான காப்பு அவற்றை நம்பிப் பிழைப்பவர்களுக்கு மட்டும். வீடு குடியிருக்க முடியாமல் போனால் வேறிடத்து வாடகைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று அவசியம் கேளுங்கள். 2015-இல் இரண்டு மூன்று மாதம் உறவினர் வீட்டில் இருந்த குடும்பங்களைப் பார்த்தவள் என்ற முறையில் அந்த வரிக்கு நான் மதிப்புக் கொடுப்பேன்.

ஒவ்வொரு இழப்பீட்டிலும் முதலில் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை என்று ஒன்று கொட்டேஷனில் இருக்கலாம். டிடக்டபிள் என்பார்கள். அது 5,000-ஆ 25,000-ஆ என்று பாருங்கள். இந்தத் தொகையை உயர்த்திப் பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட முடியும்.

ஏஜென்ட்டிடம் பேசும்போது

கூச்சப்பட வேண்டாம். அந்தத் தம்பி என் வீட்டிலிருந்தே போன் போட்டார்.

"சார், கட்டடத்துக்கு 72 லட்சம் போட்டிருக்கீங்களே, அது எப்படி வந்துச்சு?"

"பத்திர விலை சார் அது. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

"பாலிசியில கார்பெட் ஏரியாவும் கட்டச் செலவும்தானே சார் கணக்கு? அதுபடி 25 லட்சம் வருது. பொருளுக்கு எட்டு லட்சம், கொள்ளைக்கு முழுத் தொகை. மின்சாதனப் பழுது வேண்டாம். இப்படி மாத்தி ஒண்ணு அனுப்புவீங்களா?"

கொஞ்ச நேரம் அமைதி. "அனுப்பறேன் சார்" என்றார். நல்ல ஏஜென்ட்டுகள் இப்படிக் கேட்டால் வருத்தப்பட மாட்டார்கள். இழப்பீடு கேட்கும் நாளில் கூட நின்று உதவும் ஏஜென்ட் கிடைத்தால் சில நூறு ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.

ஏஜென்ட் படிவத்தை நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது. கட்டடம் எத்தனை வருடப் பழசு, கூரை காங்கிரீட்டா ஓடா, தரைத்தளமா மாடியா, ஒரு பகுதியில் கடையோ டியூஷனோ நடக்கிறதா, முன்பு வெள்ளம் வந்ததா என்று கேட்கும் இடங்களில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். முன்பு தண்ணீர் வந்ததைச் சொன்னால் பிரீமியம் கொஞ்சம் ஏறலாம். சொல்லாமல் விட்டால் இழப்பீடே மறுக்கப்படலாம்.

பணம் கட்டும் முன்

கம்பெனி எப்படி என்று பார்க்க, அதன் இணையதளத்தில் பொது வெளிப்படுத்தல்கள் என்ற பகுதியில் எத்தனை இழப்பீட்டுக் கோரிக்கைகள் வந்தன, எத்தனை தீர்ந்தன, எத்தனை புகார்கள் என்ற கணக்கு காலாண்டு வாரியாக இருக்கும். பிறகு ஒருவேளை தகராறு வந்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் வரையான இழப்பீடுகளை அவர் விசாரிக்கலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

மழைக்காலத்துக்கு முன்பே எடுங்கள். பணம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் காப்பு தொடங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைத் தாக்கி இரண்டே வாரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அங்கே யாரும் அவ்வளவு மழையை எதிர்பார்த்திருக்கவில்லை.

மாற்றிய கொட்டேஷன் மறுநாள் காலை வந்தது. 6,800 கேட்டவரே அனுப்பியிருந்தார். கட்டடம் 25 லட்சம், பொருள்கள் 8 லட்சம், கொள்ளைக் காப்பு 400 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து மொத்தம் 2,780 சொச்சம். கணக்குப் போட்டுப் பார்த்தோம், அதே 59 பைசாதான். தம்பி பணம் கட்டப் போனபோது அந்தப் பெண் தடுத்து, தாளை மேலிருந்து கீழாக இன்னொரு முறை வாசித்தார். உரிமையாளர் பெயர் இருவர் பெயரிலும் பத்திரத்தில் இருப்பது போலவே இருந்தது, வங்கியின் பெயரும் சரி. முகவரியில் மட்டும் டி பிளாக் என்பதற்குப் பதிலாக பி பிளாக் என்று இருந்தது. திருத்தி வாங்கிய பிறகே பணம் கட்டினார்கள்.